பின் சீட்டில் தெரிந்த நடுக்கம்

கிளட்ச்சில் கோளாறு என்று வண்டியைக் கொண்டுவருகிறவர்கள் 'கிளட்ச் அதிர்கிறது' என்று சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஆண்டிமடத்து முந்திரிக்காட்டுக்காரர் ஒருவர், "எடுக்கும்போது கன்னுக்குட்டி மாதிரி துள்ளுதுங்க" என்பார். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர், "வெடவெடன்னு உதறுதுண்ணே" என்பார். ஜெயங்கொண்டத்திலிருந்து வந்த வாத்தியார் ஒருவர், வண்டிக்குக் குளிர்காய்ச்சல் வந்திருப்பதாகச் சொன்னார். அவரவர் சொல்லும் வார்த்தையிலேயே பாதி நோய் தெரிந்துவிடும் என்பது நான் தாமதமாகக் கற்றுக்கொண்ட விஷயம்.

நான் ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகப்போகிறது. போன மாதம், கடைசியாக வேலை பார்த்த பெரம்பலூர் சர்வீஸ் சென்டரிலிருந்து போன் வந்தது. புதிதாக ஆறு பேர் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்கள், கிளட்ச் வேலையைப் பற்றி ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்றார்கள். போனேன், பேசினேன். எல்லாரும் போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். முடித்துவிட்டு டீ குடிக்கும்போது அந்த ஆறு பேரில் ஒருவர், "உங்களால கண்டுபிடிக்க முடியாமப் போன வண்டி ஏதாவது இருக்கா சார்?" என்று கேட்டார்.

இருக்கிறது. நின்றபடி சொல்லி முடிக்கக்கூடிய கதை இல்லை அது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் ஜெயங்கொண்டத்துப் பக்கம் பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிவேலை பார்த்தவர்கள். ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படிப்பு முடித்ததும் அரியலூர் ரயில்வே ஸ்டேஷன் போகிற வழியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். அங்கே எட்டு வருஷம். பிறகு பெரம்பலூர் சர்வீஸ் சென்டரில் சேர்ந்தேன், ஓய்வு பெறும்வரை அங்கேதான்.

அரியலூர் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்த புதிதில் ஒரு தப்புச் செய்தேன். புது கிளட்ச் பிளேட்டுகளை எண்ணெயில் ஊறப்போடாமல், பாக்கெட்டிலிருந்து எடுத்தவாக்கில் காய்ந்தபடியே மாட்டி வண்டியை அனுப்பிவிட்டேன். நாலாம் நாள் வண்டி திரும்பி வந்தது. பிரித்தால் பிளேட்டெல்லாம் கருகிக் கிடந்தது. முதலாளி ஒரு வார்த்தை திட்டவில்லை. கருகிய பிளேட் ஒன்றை எடுத்து, என் டூல்ஸ் பெட்டிக்கு மேலே சுவரில் ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போய்விட்டார். எட்டு வருஷமும் அது அங்கேயே தொங்கியது. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

கிளட்ச் நடுக்கத்தைப் பார்க்கிற முறையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நான் எங்கே கோட்டை விட்டேன் என்பது புரியும். கிளட்ச் என்பது ஒரு கிண்ணம். மெக்கானிக்குகள் அதை ஹவுசிங் என்போம். அதற்குள் வட்ட வட்டமான பிளேட்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும், ஒன்று பிடிப்புள்ளது, ஒன்று வெறும் இரும்பு என்று மாறி மாறி. லீவரைப் பிடித்தால் அடுக்கு தளர்ந்து எஞ்சின் தனியாகச் சுற்றும். விட்டால் அடுக்கு இறுகி சக்கரத்துக்கு ஓட்டம் போகும். இந்த இறுகுதல் ஒரே சீராக நடக்காமல் பிடித்துப் பிடித்து விட்டால் அதுதான் நடுக்கம்.

அதற்காக உடனே கிளட்ச்சைப் பிரித்துவிடக் கூடாது. முதலில் வண்டியை நிறுத்தி வைத்து எஞ்சினை மட்டும் ஓட விட வேண்டும். நின்ற இடத்திலேயே நடுங்கினால் எஞ்சின் தாங்கும் போல்ட்டைப் பார்க்க வேண்டும். ஓடும்போது நடுங்கினால் செயின், சக்கரம். கிளம்பும்போது மட்டும் நடுங்கினால்தான் கிளட்ச் பக்கம் வர வேண்டும். அதிலும் முதலில் லீவர் எவ்வளவு லூஸ் இருக்கிறது, கேபிளில் தூசி இறுகியிருக்கிறதா, எஞ்சின் ஆயில் எது என்று பார்க்க வேண்டும். எங்கள் பக்கம் சிமெண்ட் தூசி வெள்ளையாக எல்லாக் கேபிளிலும் ஏறி உட்கார்ந்திருக்கும். இதெல்லாம் பார்த்த பிறகு வண்டியை ஓட்டிப் பார்ப்போம். டிரையல் என்போம். டிரையலில் நான் எடுத்த முடிவு தப்பியதில்லை என்று எனக்கே என்மேல் ஒரு கர்வம் இருந்தது.

எனக்கு ஐம்பத்து மூன்று வயதிருக்கும்போது நிர்மலா மேடம் சர்வீஸ் மேனேஜராக வந்தார். அவருக்கு முப்பது வயதுகூட ஆகியிருக்காது. செந்துறைப் பக்கத்து விவசாயக் குடும்பம், டிப்ளமோ படித்தவர். நாங்கள் எட்டு மெக்கானிக்குகள், எல்லாரும் ஆண்கள், பெரும்பாலும் அவரைவிட மூத்தவர்கள். அவர் வந்த அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் என்னென்ன பேசினோம் என்பதை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அவர் யாரிடமும் சத்தம் போட்டதில்லை. என்னை 'ராசேந்திரண்ணே' என்றுதான் கூப்பிடுவார். ஆனால் ஒரு விஷயத்தில் பிடிவாதம். ஜாப் கார்டில் வாடிக்கையாளர் சொன்னதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும். 'கன்னுக்குட்டி மாதிரி துள்ளுது' என்றால் அப்படியே எழுத வேண்டும். 'கிளட்ச் கம்ப்ளைண்ட்' என்று எழுதினால் கார்டு திரும்பி வந்துவிடும். வண்டியைத் தொடுவதற்கு முன்னால் அதை ஒருமுறை சுற்றி வருவார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. கீழே குனிந்து பார்ப்பார், சீட்டைப் பார்ப்பார், ஃபுட்ரெஸ்ட்டைப் பார்ப்பார். வேடிக்கை பார்க்க வந்தவர் மாதிரி இருக்கும். நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொள்வோம்.

அந்தச் சமயத்தில்தான் கலியபெருமாள் வந்தார்.

கல்லங்குறிச்சிக்குப் பக்கத்து ஊர். ஐம்பதை நெருங்கிய வயது. ஆலத்தியூர்ப் பக்கம் சிமெண்ட் மூட்டை ஏற்றும் ஒப்பந்த வேலை. புருவத்தில்கூட சிமெண்ட் தூசி இருக்கும். வண்டி ஏழெட்டு வருஷத்து நூறு சிசி வண்டி. பின்னால் வெல்டிங் பட்டறையில் செய்த முதுகு சாய்க்கும் கம்பிச் சட்டம் ஒன்று இருந்தது. பின் சீட்டில் ஒரு பஞ்சு மெத்தையைக் கட்டியிருந்தார்.

"எடுக்கும்போது நடுங்குதுங்க" என்றார்.

டிரையல் பார்த்தேன். கிளம்பும்போது லேசாக ஒரு நடுக்கம், அவ்வளவுதான். கிளட்ச் லீவரை அட்ஜஸ்ட் செய்து, கேபிளைச் சுத்தம் செய்து, செயினை இழுத்துக் கட்டி, ஆயில் மாற்றி அனுப்பினேன். பத்து நாளில் திரும்பி வந்தார்.

"மறுபடியும் நடுங்குதுங்க."

இந்த முறை பிரித்தேன். பிடிப்பு பிளேட்டுகள் கண்ணாடி மாதிரி வழுவழுத்துப் போயிருந்தன. புது பிளேட்டுகளை ஆயிலில் ஊறவைத்து, ஸ்பிரிங்கும் புதிது போட்டு, போல்ட்டுகளை எதிரும் புதிருமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கி, முறைப்படி மாட்டினேன். ஓட்டிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரிக் கிளம்பியது. எனக்கே பெருமையாக இருந்தது. கடைசியில் வண்டியைத் துடைத்துக் கொடுக்கும்போது பக்கக் கண்ணாடிகள் இரண்டும் கோணலாக உள்பக்கம் திரும்பியிருந்ததைப் பார்த்து நேராக்கி வைத்தேன். போன தடவையும் இதே கண்ணாடிகளை நேராக்கிய ஞாபகம் வந்தது.

மூன்று வாரம்கூட ஆகவில்லை. கலியபெருமாள் வாசலில் நிற்கிறார்.

"என்னங்க, மறுபடியுமா?" என்றேன். என் குரலில் எரிச்சல் இருந்திருக்க வேண்டும்.

"ஆமாங்க" என்று தலையைக் குனிந்துகொண்டார். தப்பு அவருடையது மாதிரி நின்றார்.

பிரித்ததும் கருகிய வாசனை. மூன்று வாரத்துக்கு முன் நான் மாட்டிய பிளேட்டுகள் வழுவழுத்துப் போயிருந்தன. இரும்பு பிளேட்டுகளில் நீலம் பாய்ந்திருந்தது. அது சூட்டின் அடையாளம். கிளட்ச்சை முழுசாக விடாமல் பாதி பிடித்தபடியே, ஆஃப் கிளட்ச் என்போம், ஓட்டினால்தான் அப்படி ஆகும். எனக்கு நிம்மதியாகிவிட்டது. தப்பு என்னுடையதில்லை.

"நீங்க ஆஃப் கிளட்ச்லயே ஓட்டுறீங்க. வண்டிமேல ஒண்ணும் தப்பில்ல" என்றேன்.

"நான் மெதுவாத்தாங்க எடுக்குறேன்."

"அப்படி மெதுவா எடுக்குறதுதாங்க தப்பு. இன்னும் பத்து தடவ பிளேட்டு மாத்துனாலும் இதே கததான்."

அவர் கையிலிருந்த துண்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். பின்பு, "வேற வழி எதுவும் இருக்குங்களா?" என்று மட்டும் கேட்டார். இருக்காது என்று சொல்லிவிட்டு ஜாப் கார்டில் எழுதினேன்: 'ஓட்டுபவர் தவறு. ஆஃப் கிளட்ச்.'

அரை மணி நேரத்தில் நிர்மலா மேடம் அந்தக் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். கையெழுத்துப் போடவில்லை.

"அண்ணே, நீங்க எழுதுனது சரிதான். அவரு ஆஃப் கிளட்ச்லதான் ஓட்டுறாரு. ஆனா ஏன் அப்படி ஓட்டுறாருன்னு இதுல இல்லையே?"

"ஓட்டத் தெரியல மேடம், வேற என்ன?"

"ஏழு வருசமா இதே வண்டிய ஓட்டுறாரு. இதுக்கு முன்ன கிளட்ச் பிளேட்டு மாத்துனதா சர்வீஸ் புக்குல ஒரு எடத்துலயும் இல்ல. திடீர்னு இந்த ரெண்டு மாசத்துல எப்படி ஓட்டத் தெரியாமப் போச்சு?"

 அவர் கையைக் கட்டிக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார். பின் சீட்டு அருகே நின்றார். அங்கே அந்த மெத்தையும் சட்டமும் இல்லை. கிரீஸ் படக்கூடாது என்று ஒவ்வொரு முறையும் நான் கழற்றி மூலையில் வைத்துவிடுவேன், வண்டியைக் கொடுக்கும்போது திரும்ப மாட்டுவேன். எதற்கு இருக்கிறது என்று ஒருமுறைகூட கேட்டதில்லை.

"டிரையல் யாரு பாத்தது?"

"நான்தான்."

"தனியாவா?"

"டிரையல்னா தனியாத்தானே மேடம் பாப்பாங்க."

அவர் அந்த மெத்தையை எடுத்துத் தட்டினார். "எங்கப்பா பின்னாடி, எங்கண்ணன் பின்னாடி, கல்யாணத்துக்கு அப்புறம் அவரு பின்னாடி. சொந்தமா ஸ்கூட்டி வாங்குற வரைக்கும் நான் பின் சீட்டுலதாண்ணே போயிருக்கேன். முன்னாடி இருக்கறவங்களுக்குத் தெரியாதது எவ்வளவோ அங்க தெரியும்" என்றார். குத்திக் காட்டுகிற தொனி இல்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷத் தொழில்காரனுக்கு இந்தப் பெண் வந்து சொல்லித்தருகிறாரே என்று நினைத்தேன்.

கலியபெருமாள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பெண், ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, முதுகை நிமிர்த்தி விறைப்பாக உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். சுடிதார் போட்டிருந்தார், அது அவருக்குப் பழக்கமில்லாத உடை என்பது துப்பட்டாவை முந்தானை மாதிரி இடுப்பில் செருகியிருந்ததிலேயே தெரிந்தது. அவர்தான் கலியபெருமாளின் மனைவி மலர்க்கொடி.

மேடம் அவர்கள் எதிரில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். "பின்னாடி யாருங்க உக்காந்து வர்றது?"

"வூட்டுக்காரிதாங்க" என்றார் கலியபெருமாள்.

மாட்டுக்குப் புல்லுக்கட்டு தூக்கி வரும்போது மலர்க்கொடி வரப்பில் சறுக்கி விழுந்திருக்கிறார். முதுகெலும்பில் அடி. திருச்சியில் ஆபரேஷன் நடந்தது. இடதுகாலுக்கு இன்னும் முழுசாக உணர்வு வரவில்லை. பெரம்பலூரில் ஒரு பிசியோதெரபி டாக்டரிடம் வாரம் மூன்று நாள் வர வேண்டும். ஆறு மாதமாவது விடாமல் வந்தால் நடை வந்துவிடும் என்று அவர் சொல்லியிருக்கிறார். பஸ் படி ஏற முடியாது. ஆட்டோவில் ஒருமுறை வந்துவிட்டு மலர்க்கொடி இரண்டு நாள் எழுந்திருக்கவில்லையாம். அதனால் கலியபெருமாள் சட்டம் அடித்து, மெத்தை கட்டி, ஒரு வேட்டியால் மனைவியைத் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, முப்பது கிலோமீட்டரும் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு வருகிறார்.

"குலுங்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாருங்க. அதான் மெதுவா எடுக்குறேன்" என்றார்.

நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். மேடத்தின் கையில் நான் எழுதிய அந்த ஜாப் கார்டு.

மலர்க்கொடி குறுக்கே பேசினார். "நீங்க ரெண்டு பேரும் வண்டியப் போட்டு இந்தப் பாடு படுத்த வேணாம். இன்னையோட நான் வர்றதா இல்ல. நடக்குற வரைக்கும் நடந்துக்குறேன்."

"ஏம்மா, வலி தாங்கலயா?" என்று மேடம் கேட்டார்.

"வலி கெடக்குதுங்க. இவரு கண்ணாடிய என் மூஞ்சி தெரியுற மாதிரி திருப்பி வச்சுருக்காரு, எனக்கு வலிக்குதான்னு பாக்க. ரோட்டப் பாக்குறதில்ல. அதுல எனக்கு அவரு மூஞ்சிதான் தெரியுது. ஒவ்வொரு தடவ வண்டி எடுக்கும்போதும் பல்லக் கடிக்குறாரு. நடுங்குறது வண்டி, வலிக்குறது எனக்கு, அழுவுற மாதிரி இருக்கறது அவரு. எத்தினி நாளைக்குங்க நான் இதப் பாக்கறது?"

கலியபெருமாள் வேறு எங்கோ பார்த்தார். நான் இரண்டு முறை நேராக்கி அனுப்பிய கண்ணாடிகளை அவர் ஒவ்வொரு முறையும் வீட்டுக்குப் போய்த் திரும்பத் திருப்பிவைத்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மேடம் என்னைப் பார்த்தார். "அண்ணே, வண்டிய இருந்தது இருந்தபடி மாட்டுங்க. பழைய பிளேட்டோடவே. அவரு ஓட்டட்டும். நீங்க பின்னாடி உக்காருங்க."

மாட்டினேன். மெத்தையையும் சட்டத்தையும் கட்டினேன். கலியபெருமாள் முன்னால் உட்கார, நான் பின்னால் ஏறினேன். முப்பது வருஷத்தில் ஒரு வண்டியின் பின் சீட்டில் உட்கார்ந்து நான் டிரையல் பார்த்தது அதுதான் முதல் தடவை. அரியலூர் ரோட்டில் போகச் சொன்னேன்.

அவர் கியர் போட்டார். ஒரு நொடி நின்றார். பிறகு தலையை லேசாகத் திருப்பி, "எடுக்குறேன் மலரு" என்றார்.

சொன்ன பிறகுதான் பின்னால் இருப்பது நான் என்பது அவருக்கு உறைத்தது. "மன்னிச்சுக்குங்க சார், பழக்கதோசம்" என்றார். "பரவாயில்ல, எடுங்க" என்றேன். 

அவர் கிளட்ச்சை விட்ட விதத்தை என்ன சொல்வது? தூங்குகிற பிள்ளையைத் தோளிலிருந்து பாயில் இறக்குவோமே, அப்படி விட்டார். பத்தடி, இருபதடி, கிளட்ச் இன்னும் பாதியிலேயே இருந்தது. அப்போது வந்தது நடுக்கம். ஃபுட்ரெஸ்ட்டில் தொடங்கி, முழங்காலில் ஏறி, இடுப்பில் வந்து நின்று தடதடத்தது. முன்னால் உட்கார்ந்து ஓட்டியபோது எனக்கு உள்ளங்கையில் ஒரு சிலிர்ப்பாகத் தெரிந்தது, பின் சக்கரத்துக்கு மேலே உட்கார்ந்தவனுக்கு முதுகுத்தண்டை யாரோ பிடித்து உலுக்குவது மாதிரி இருந்தது. எனக்கு முதுகில் ஆபரேஷன் எதுவும் இல்லை. எனக்கே பல் கிட்டியது.

ரோட்டில் ஒரு ஸ்பீடு பிரேக்கர், அதற்கடுத்து லாரி ஒன்று திரும்புவதற்காக நின்றது, அதற்கடுத்து இன்னொரு ஸ்பீடு பிரேக்கர். ஒவ்வொன்றுக்கும் அவர் நின்று, மெதுவாகக் கிளட்ச்சை விட்டு எடுத்தார். நடுக்கம் வர வர இன்னும் மெதுவாக விட்டார். மெதுவாக விட விட பிளேட் இன்னும் சூடேறியது. சூடேறிய பிளேட் இன்னும் நடுங்கியது. அவர் மனைவியைக் காப்பாற்றச் செய்த காரியமே அவர் மனைவியை உலுக்கிக்கொண்டிருந்தது. இரண்டு கிலோமீட்டரில் எனக்கு இதெல்லாம் தெரிந்துவிட்டது. "போதும், திருப்புங்க" என்றேன்.

அப்படியானால் முதல் நடுக்கம் எங்கிருந்து வந்தது? புது பிளேட் போட்டும் அது ஏன் போகவில்லை?

வந்ததும் மறுபடி பிரித்தேன். இந்த முறை பிளேட்டுகளை ஓரமாக வைத்துவிட்டு, அவை உட்காரும் கிண்ணத்தை, அதுதான் ஹவுசிங்கை, வெளிச்சத்தில் பிடித்தேன். அதன் சுவரில் பிளேட்டின் பற்கள் வந்து செருகும் வெட்டுகள் இருக்கும். நகத்தால் தடவிப் பார்த்தேன். பள்ளம். ஒவ்வொரு வெட்டிலும் பற்கள் மோதி மோதி வரிசையாகப் பள்ளம் விழுந்திருந்தது. பிளேட்டுகள் வழுக்கிக்கொண்டு நகர வேண்டிய இடத்தில் படியில் இடறுகிற மாதிரி இடறிக்கொண்டிருந்தன. ஹவுசிங்கின் உள்ளே அதிர்ச்சியைத் தாங்கும் ஸ்பிரிங்குகளும் தளர்ந்து ஆடின. போன முறையே இது இருந்திருக்கும். வழுவழுத்த பிளேட்டைப் பார்த்ததும் நோய் கிடைத்துவிட்டது என்று நான் அத்தோடு நின்றுவிட்டேன். ஒருவன் தனியாக ஓட்டினால் அந்தப் பள்ளம் பெரிதாகத் தெரியாது. இரண்டு பேர் பாரம், அரைக் கிளட்ச், மேட்டு ரோடு என்று மூன்றும் சேர்ந்தால்தான் அது வேலையைக் காட்டும்.

பின் சக்கரத்தையும் கழற்றினேன். சக்கர டிரம்முக்குள் இழுப்பைத் தாங்குகிற ரப்பர் கட்டைகள் நசுங்கிப் போயிருந்தன.

மேடத்திடம் போய், "தப்பு என்னுதுதான் மேடம்" என்றேன். அதைச் சொல்ல எனக்கு அதிக நேரம் பிடித்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர் ஹவுசிங்கை வாங்கி, தானும் நகத்தால் தடவிப் பார்த்தார். "ம்" என்றார். அவ்வளவுதான். அந்தப் பழைய ஜாப் கார்டை என்னிடமே திருப்பிக் கொடுத்து, "புதுசா எழுதிடுங்கண்ணே" என்றார்.

ஹவுசிங், எல்லாப் பிளேட்டுகள், ஸ்பிரிங், ரப்பர் கட்டைகள் என்று மொத்தமாக மாற்ற முடிவு செய்தோம். மேடத்துக்கு அதிலும் திருப்தி இல்லை. "இவரு மெதுவாத்தான் எடுப்பாரு. எடுத்துத்தான் ஆகணும். அப்ப வண்டிதானே அவருக்குத் தோதா மாறணும்?" என்றார். யோசித்தோம். எஞ்சினிலிருந்து செயினை இழுக்கும் முன் பல்சக்கரத்தில் ஒரு பல் குறைத்தால், வண்டி மெதுவான வேகத்திலேயே சுலபமாக இழுக்கும், கிளட்ச்சைச் சீக்கிரம் முழுசாக விட்டுவிடலாம். ஆனால் அது அந்த வண்டிக்கு எழுதிவைத்த அளவு இல்லை. மேடம் மேலிடத்துக்குப் போன் போட்டு விளக்கம் சொல்லி, தன் பொறுப்பில் செய்வதாக எழுதிக் கொடுத்தார்.

"ஸ்பீடு கொஞ்சம் குறையுங்க" என்று கலியபெருமாளிடம் சொன்னேன்.

"ஸ்பீடு எனக்கு எதுக்குங்க?" என்றார்.

பாகங்கள் வந்து சேர இரண்டு நாள் ஆனது. அதுவரை அவர்கள் இருவரும் பெரம்பலூரிலேயே தெரிந்தவர் வீட்டில் தங்கிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் காலையில் மாட்டி முடித்தேன். பிறகு சர்வீஸ் சென்டருக்குப் பின்னால் இருந்த வெற்று மைதானத்தில் கலியபெருமாளை ஓட்டச் சொல்லி நான் பின்னால் உட்கார்ந்தேன். அவர்கள் கட்டுவது போலவே வேட்டியால் கட்டிக்கொள்ளச் சொன்னேன். லீவரை விட்டுக்கொண்டே வரும்போது வண்டி முன்னே போகப் பார்க்கும் ஓர் இடம் வரும், கடிக்கிற இடம் என்போம். "அது வரைக்கும் வாங்க. அங்க ஒரு மூச்சு நில்லுங்க. அப்புறம் முழுசா விட்டுடுங்க, பயப்படாதீங்க" என்றேன். முதல் நாலைந்து தடவை அவர் கை நம்பவில்லை. பாதியிலேயே நின்றது. "விடுங்க, வண்டி பாத்துக்கும்" என்றேன். விட்டார்.

வண்டி போனது. இடுப்பில் ஒன்றும் ஏறவில்லை.

மலர்க்கொடி மைதானத்து ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மீசை நரைத்த ஒரு மெக்கானிக், அவருடைய மெத்தையில் உட்கார்ந்து, அவர் புருஷனோடு வேட்டியால் கட்டப்பட்டு வட்டம் அடிப்பதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வாயைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டார். நாங்கள் பக்கத்தில் வந்து நின்றதும், "என்ன சார், என் எடம் எப்படி இருக்கு?" என்றார்.

"நல்லா இருக்கும்மா. வந்து உக்காந்து பாருங்க."

நானும் மேடமும் பிடித்து ஏற்றினோம். வேட்டியை மேடமே சுற்றிக் கட்டினார். கலியபெருமாள் கியர் போட்டார். எங்களுக்குக் கேட்காதபடி ஏதோ சொன்னார். வண்டி எடுத்தது. மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி எங்களைத் தாண்டிப் போகும்போது மலர்க்கொடி முன்னால் கையை நீட்டி, பக்கக் கண்ணாடியைச் சாலை தெரியும்படி நேராகத் திருப்பிவிட்டார். "ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்று அவர் அதட்டியது எங்களுக்குக் கேட்டது.

அவர்கள் அதற்குப் பிறகு ஒரு நாள்கூட சிகிச்சையை விடவில்லை. ஆறு மாதம் என்றது எட்டு மாதம் ஆனது. இடதுகால் கொஞ்சம் இழுக்கத்தான் செய்கிறது, இருந்தாலும் மலர்க்கொடி ஊன்றுகோல் இல்லாமல் வீட்டு வேலை பார்க்கிறார், மாட்டைப் பிடித்துக் கட்டுகிறார். கலியபெருமாள் சர்வீஸுக்கு வரும்போதெல்லாம் சொல்வார். நிர்மலா மேடம் மாற்றலாகித் திருச்சிக்குப் போய்விட்டார். அவர் போவதற்கு முன்பே, பின் சீட்டில் ஆள் உட்கார்ந்து டிரையல் பார்ப்பது எங்கள் சர்வீஸ் சென்டரில் வழக்கமாகிவிட்டது. கேலி பேசியவர்களில் முதல் ஆளாக அதை ஆரம்பித்தது நான்தான்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். மைதானத்தில் அந்த வண்டியை ஒப்படைத்த அன்று சாயங்காலம், வழக்கம்போல வீட்டுக்குப் போய் என் மனைவி வசந்தாவைக் கூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பினேன். கல்யாணமான நாளிலிருந்து வசந்தா என் வண்டியின் பின் சீட்டில்தான் வருகிறாள். என் வண்டியை நானே சர்வீஸ் செய்கிறேன், வேறு யாரையும் தொட விடுவதில்லை. அதன் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுத் தெருவில் மற்ற மெக்கானிக்குகள் பாராட்டியிருக்கிறார்கள்.

தெருமுனை வரை போனதும் வண்டியை ஓரம் கட்டினேன்.

"என்ன, பெட்ரோல் இல்லயா?" என்றாள்.

"அதில்ல. பின்னாடி எப்படி இருக்கு?"

"என்னது எப்படி இருக்கு?"

"உக்காந்து வர்றதுக்கு. ஏதாவது ஆடுதா, குலுங்குதா?"

 பகடி செய்கிறேனோ என்று என் முகத்தை எட்டிப் பார்த்தாள். இல்லை என்று தெரிந்ததும் சொன்னாள்: "எடப்பக்கம் கால் வைக்கிற கம்பி ரெண்டு வருசமா ஆடுது. கால ஊனவே முடியல. தொடய இறுக்கிப் புடிச்சுக்கிட்டுத்தான் வரேன்."

"ரெண்டு வருசமா? ஏன் சொல்லல?"

"நீங்க மெக்கானிக்கு. ஒங்களுக்குத் தெரியாமலா இருக்கும்னு நெனச்சேன்."

நான் இறங்கினேன். சீட்டுக்கு அடியிலிருந்து பதினாலாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, தெருவிலேயே மண்டியிட்டு உட்கார்ந்தேன். நட்டு கையாலேயே சுற்றுகிற அளவுக்குத் தளர்ந்திருந்தது. அரை நிமிஷ வேலை. வசந்தா ஒரு கையைச் சீட்டிலும் ஒரு கையை என் தோளிலும் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். முடித்ததும் காலை வைத்து அழுத்திப் பார்த்தாள். இன்னொரு முறை அழுத்திப் பார்த்தாள்.

"ம், இப்ப எடுங்க" என்றாள்.